மயிற்பொறியும் இயந்திர நாயும்: ஒரு திறனாய்வு நோக்கு

இயந்திர மனிதனையும் செயற்கை நுண்ணறிவையும் கருவியாகக் கொண்டு மாணவரை விஞ்ஞானம், தொழினுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளின்பால் ஈர்க்கலாம் என்னும் கருத்து இன்று கல்வியுலகில் வலுப்பெற்றுள்ளது. இலங்கையிலும் 2024ஆம் ஆண்டில், தெரிவுசெய்யப்பட்ட 20 பாடசாலைகளில், 8ஆம் தரம் முதற்கொண்டு செயற்கை நுண்ணறிவைக் கற்பிக்கும் முன்னோடித் திட்டமொன்று தொடங்கப்பெற்றது. இத்தகைய முயற்சிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கல்வியியலாளரும் தொழினுட்பவியலாளருமே ஆவர். இதில் இலக்கியத் திறனாய்வுக்கு என்ன அலுவல் என்று சிலர் வினவக்கூடும்.

அலுவல் உண்டு. வகுப்பறைக்குள் இயந்திர மனிதன் நுழையுமுன்னரே அவன் மாணவனின் மனத்துள் நுழைந்துவிடுகின்றான். அவனை அங்கே கொண்டுபோய் இருத்தியவை கதைகளும் காப்பியங்களும் திரைப்படங்களுமே. ஆகவே, அவை இயந்திரத்தை எவ்வாறு காட்டியுள்ளன என்பதைப் பொறுத்தே மாணவன் அதனை அணுகும் முறையும் அமைகின்றது. இயந்திரத்தைக் கண்டு வியந்து நிற்பவனாக அவன் ஆவானா, அதைத் திறந்து பார்ப்பவனாக ஆவானா? அம்பாறைக் கரையோரத்தில், மேற்கே நெல்வயலும் கிழக்கே கடலுமாகக் கிடக்கும் நிந்தவூர் போன்றதோர் ஊரின் மாணவனைப் பொறுத்தவரை இவ்வினா வெறும் அழகியல் வினாவன்று. அவனது வாழ்வோடு தொடர்புடையது. அவனை முன்னிறுத்தித் தமிழ் இலக்கியத்தின் இயந்திரங்கள் சிலவற்றை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்க் காப்பிய மரபில் இயந்திரம் புதியதன்று. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்படுத்த எந்திர யானை அனுப்பப்படுகின்றது. சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறி ஏறி வானிற் செல்கின்றாள். இவற்றுள் மயிற்பொறி தனியே ஆராயத்தக்கது. தேவியின் கனவு தீங்கு பயக்கும் என்றுணர்ந்த சச்சந்தன் கம்மியனொருவனை அழைத்து அப்பொறியைச் செய்விக்கின்றான். திருத்தக்கதேவர் அது மந்திரத்தால் தோன்றியதாகப் பாடவில்லை. துணி, நூல், அரக்கு, மெழுகு முதலிய பொருள்களைக் கொண்டு கம்மியன் அதனைச் செய்தான் என்கிறார். பொறியை வலப்புறம் திருகினால் மேலே பறக்கும், இடப்புறம் திருகினால் கீழே இறங்கும் என்று இயக்கும் முறையையும் கூறுகின்றார். விசயை அதனை ஓட்டக் கற்றுக்கொள்கின்றாள். பின்னர், கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்டு அவள் மூர்ச்சித்தபோது, பொறியும் சுடுகாட்டில் இறங்கிவிடுகின்றது.

இப்பகுதியைக் காப்பியக் கற்பனையின் மிகையென ஒதுக்கிவிடுதல் எளிது. அத்தகைய பொருள்களால் ஆனதொரு பொறி மனிதரைச் சுமந்து பறக்கமாட்டாது என்பதும் உண்மையே. ஆயினும் கற்பனையின் போக்கு இங்கே கவனிக்கப்படவேண்டியது. பொறிக்கு மூலப்பொருள் உண்டு, செய்தவன் உண்டு, இயக்கும் விதி உண்டு, அவ்விதியைக் கற்றவள் உண்டு, கற்றவள் சோர்ந்தால் பொறியும் சோரும் என்னும் வரம்பும் உண்டு. அதாவது, புலவரின் இயந்திரம் வினாக்களுக்கு இடம்தருகின்றது. 'எதனாற் செய்தான்? எவ்வாறு இயங்கிற்று? ஏன் இறங்கிற்று?' என்று கேட்கும் மாணவனுக்குக் காப்பியமே விடையின் முதற்படியைக் காட்டுகின்றது. குறையொன்றும் இருக்கின்றது. பொறியைச் செய்த கம்மியன் அதன்பின் காப்பியத்தில் ஓரிடம் பெறவில்லை. மன்னனும் தேவியும் மகனும் காவிய மாந்தராகின்றனர்; கைவினைஞன் மறைந்துவிடுகின்றான். உழைப்பவனை மறைத்து அவனது ஆக்கத்தை மட்டும் வியக்கும் இப்போக்கு பின்னரும் நீங்கிற்றென்று சொல்வதற்கில்லை.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க மயிலொன்று அரபுலகிலும் உண்டு. இன்றைய தென்கிழக்குத் துருக்கியில் உள்ள தியார்பக்கீரில் ஆர்த்துக்கிய மன்னரின் அவையிற் பணிபுரிந்த அல்-ஜஸரி என்னும் பொறியியலாளர், 1206ஆம் ஆண்டில் இயந்திரங்கள் பற்றிய பெருநூலொன்றை நிறைவுசெய்தார். அதில் விவரிக்கப்படும் 50 கருவிகளுள் கைகழுவுதற்கான மயிலும் ஒன்று. அதன் வாலிலுள்ள பகுதியை இழுத்தால் அலகிலிருந்து நீர் வரும். கழுவிய நீர் கீழே தேங்குகையில் மிதவையொன்று உயரும். அது உயர்ந்தவுடன் சிறு கதவு திறந்து பதுமையொன்று கழுவும் பொடியுடன் வெளிப்படும். நீர் மேலும் உயர மற்றொரு பதுமை துவாலையுடன் வரும். நீர்மட்டம் தன்னைத் தானே அளந்து அடுத்த செயலைத் தூண்டுகின்றது என்பதே இதன் தத்துவம். இன்று வீட்டு நீர்த்தாங்கியில் உள்ள மிதவையும் இதே தத்துவத்தால் இயங்குவதாகும்.

அல்-ஜஸரியின் சிறப்பு கருவிகளைச் செய்ததில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அளவு, பொருள், பொருத்தும் முறை, வரைபடம் ஆகியவற்றைத் தந்து, பிறனொரு கைவினைஞன் அவற்றை மீளச் செய்யுமாறு அவர் எழுதினார். இங்கே கம்மியன் மறையவில்லை, அவனே நூலாசிரியனாகிவிட்டான். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்தே கணினியியலார் வழங்கும் 'அல்கோரிதம்' என்னும் சொல் பிறந்தது என்பதும் பலர் அறிந்ததே. இப்பெயர்கள் கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் மேடைகளிற் பெருமையோடு எடுத்துரைக்கப்படுவதுண்டு. பெருமை பேசுவதில் தவறில்லை. ஆனால் மிதவையும் குழாயும் கொண்டு அம்மயிலின் ஒரு பகுதியையேனும் பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்து பார்க்காத பெருமை, பழம்பெருமையாகவே எஞ்சும்.

இனி, தற்கால இலக்கியத்தை நோக்கலாம். 'ரோபோ' என்னும் சொல்லை உலகுக்கு வழங்கியது செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட நாடகமாகும். செக் மொழியில் 'ரோபொத்தா' என்பது கட்டாய உழைப்பைக் குறிக்கும். தமிழில் அதற்கு நேரான சொல் 'ஊழியம்' எனலாம். ஆகவே அச்சொல் பிறந்தபோதே ஒரு சமூக வினாவையும் உடன்கொண்டு பிறந்தது: யாருக்காக யார் உழைப்பது?

இவ்வினாவைத் தமிழிற் பரந்த வாசகர் கூட்டத்தின்முன் வைத்த புனைகதை, 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆகும். சுஜாதா (1935–2008) மின்னணுப் பொறியியலாளர். இந்தியாவின் மின்னணு வாக்களிப்பு இயந்திரத்தின் உருவாக்கத்தோடு தொடர்புடையவர். அவரது நாவல் 2020களின் தொடக்கத்தை எதிர்காலமாகக் கண்டது. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் மக்களின் பெயர் இரண்டெழுத்துக்குள் அடங்கவேண்டும், குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும், மக்கள் எண்களாகின்றனர். இவற்றுக்கிடையே ஜீனோ என்னும் இயந்திர நாய், நூல்களைப் படித்துப் படித்து, கதையின் மனிதரைவிட மனிதத்தன்மை மிக்க பாத்திரமாக வளர்கின்றது. கண்கண்ட தெய்வம்போல் ஆளும் ஜீவாவோ இறுதியில் வெறும் பிம்பம் எனத் தெரியவருகின்றது.

மனிதன் எண்ணாகவும் இயந்திரம் மனிதனாகவும் இடம்மாறும் இம்முரணே நாவலின் உயிர். ஆளுவோனின் உருவம் எவராலோ ஆக்கப்பட்ட பிம்பமாக இருக்கலாம் என்னும் எச்சரிக்கை, செயற்கை நுண்ணறிவால் எவருடைய குரலையும் முகத்தையும் போலியாகச் செய்துவிடக்கூடிய இக்காலத்தில் முன்னையிலும் கூர்மை பெற்றுள்ளது. இவ்வகையில் இந்நாவல் தன் காலத்தைக் கடந்து பயன்தருகின்றது.

ஆயினும் விஞ்ஞானம் பயிலும் மாணவனின் நோக்கில் இதன் குறைபாடொன்றைச் சுட்டாதிருத்தல் இயலாது. ஜீனோ எவ்வாறு கற்கின்றது? நாவல் இதனைப் பெரும்பாலும் விளக்குவதில்லை. நாய் படிக்கின்றது, படித்ததும் அறிகின்றது, அறிந்ததும் உணர்கின்றது. ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு அது தாவுமிடத்தில் வாசகன் சிரித்துவிட்டுக் கடந்துசெல்கின்றான். பொறியியலாளராகிய ஆசிரியர் அறியாததன்று இது. தொடர்கதையின் வேகமும் வார இதழின் தேவையும் விளக்கத்துக்கு இடம்தரவில்லை போலும். 'ஏன்? எதற்கு? எப்படி?' என்னும் வினா–விடைப் பகுதியில் அதே எழுத்தாளர் வாசகரின் விஞ்ஞான வினாக்களுக்குப் பொறுமையாக விடையிறுத்தவர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. புனைகதையில் வியப்பையும் கட்டுரையில் வினாவையும் அவர் பிரித்து வைத்தார். இரண்டும் ஒன்றாகக் கலந்த படைப்பைத் தமிழ் இன்னும் வேண்டி நிற்கின்றது.

சுஜாதாவின் பங்களிப்போடு உருவாகி 2010இல் வெளிவந்த 'எந்திரன்' திரைப்படம் இப்பிரிவை மேலும் அகலமாக்கியது. அதில் இரு காட்சிகள் மாணவரை நோக்கும் திறனாய்வுக்கு முக்கியமானவை. தீவிபத்தில், குளித்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தியைச் சிட்டி என்னும் இயந்திரம் ஆடையற்ற நிலையிலேயே ஊரார்முன் தூக்கி வருகின்றது. நாணம் தாளாது ஓடிய அவள் வாகனத்தில் அடிபட்டு இறக்கின்றாள். கட்டளையை நிறைவேற்றுதல் வேறு, நிலைமையை விளங்கிக்கொள்ளுதல் வேறு என்னும் உண்மையை இதனினும் எளிதாகக் காட்டமுடியாது. படத்தின் மிகச் சிறந்த சிந்தனை இதுவே எனலாம்.

மற்றையது இறுதிக் காட்சி. 2030ஆம் ஆண்டில், நூதனசாலையொன்றில் பகுதி பகுதியாகக் கழற்றி வைக்கப்பட்ட சிட்டியைச் சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகள் பார்க்கின்றனர். ஏன் கழற்றப்பட்டது என்று பிள்ளையொன்று வினவ, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என இயந்திரம் விடைபகர்கின்றது. அரங்கில் கைதட்டல் பெற்ற இவ்விடை சமூக விமர்சனமாகப் பொருள்படுவது உண்மையே. ஆனால் காட்சியமைப்பைக் கவனித்தல் வேண்டும். இயந்திரம் கண்ணாடிக்கு அப்பால், பிள்ளைகள் இப்பால். படம் முழுவதிலும் சிட்டியை ஆக்கியவன் தனியொரு மேதை. பல ஆண்டுகள் ஆய்வுகூடத்தில் அடைபட்டுக்கிடந்தவன். பிள்ளைகள் இறுதியில் வருவோர், பார்ப்போர், சென்றுவிடுவோர். மயிற்பொறியைத் திருகக் கற்ற விசையைக்குக் கிடைத்த இடம்கூட இப்பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

இலக்கியத்தின் இக்குறை வகுப்பறையிலும் எதிரொலிக்கின்றது. பாடசாலைக்கு இயந்திர மனிதன் ஒன்று கொண்டுவரப்படுகின்றது, அது கையசைக்கின்றது, வணக்கம் கூறுகின்றது, மாணவர் கைதட்டுகின்றனர், படம் பிடிக்கப்படுகின்றது, மீண்டும் பெட்டிக்குள் வைத்து எடுத்துச் செல்லப்படுகின்றது. இத்தகைய காட்சி ஒருநாள் மகிழ்ச்சி தரும். மறுநாள் காலை பௌதிகவியல் பாடத்தில் மாணவன் பழையபடி சமன்பாட்டை மனனம் செய்கின்றான். காட்சிக்கும் பாடத்துக்கும் இடையே பாலம் இல்லை.

அமெரிக்காவில் 1967இல் உருவான 'லோகோ' என்னும் கணினிமொழியின் வரலாறு இங்கே உதவுகின்றது. அதன் ஆக்குநருள் ஒருவரான சீமோர் பப்பேர்ட், நிலத்தில் ஊர்ந்து கோடு வரையும் 'ஆமை' என்ற சிறு இயந்திரத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். முன்னே செல், 90 பாகை திரும்பு என்னும் கட்டளைகளை நான்கு முறை கொடுத்தால் ஆமை சதுரம் வரையும். முக்கோணம் வரைய முயலும் பிள்ளை 60 பாகை என்று எண்ணிக் கொடுக்கும். ஆமை தவறாக வரையும். திரும்பவேண்டியது 120 பாகை என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். பிழை இங்கே தண்டனைக்குரியதன்று. அடுத்த முயற்சிக்கான தகவல். கணினி பிள்ளையை இயக்குவதா, பிள்ளை கணினியை இயக்குவதா என்பதே தன் 1980ஆம் ஆண்டு நூலில் பப்பேர்ட் எழுப்பிய அடிப்படை வினா. அவ்வினா இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கும் பொருந்தும். கணக்கைக் கொடுத்தவுடன் விடையைத் தரும் கருவி மாணவனுக்குப் பதிலாகச் சிந்திக்கின்றது. அக்கருவி எவ்வாறு விடை கண்டது, எங்கே பிழைத்தது என்று அவனே சோதிக்கும்போதுதான் அது அவனது கல்விக்கருவியாகின்றது.

மொழிப் பிரச்சினையும் இதனோடு இணைந்ததே. நிந்தவூர் மாணவன் உயர்தரம்வரை மீடிறன், ஆர்முடுகல், கழியொலி எனத் தமிழிலேயே விஞ்ஞானத்தைச் சிந்திக்கின்றான். ஆனால் செய்நிரலின் கட்டளைகளும் கருவிகளின் கையேடுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான, பொறியியற் கல்வியும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. செயற்கை நுண்ணறிவு மொழியைக் கற்பது, முன்னர் எழுதப்பட்ட பெருந்தொகையான நூல்களிலிருந்து, அடுத்து வரத்தக்க சொல்லை ஊகிக்கும் முறையாலாகும். ஆங்கிலத்தோடு ஒப்பிடுகையில் கணினியில் ஏறியுள்ள தமிழ் எழுத்து மிகக் குறைவு. ஆகவே இயந்திரத்தின் தமிழ் தடுமாறுவதில் வியப்பில்லை. தமிழில் விஞ்ஞானம் எழுதப்பெறாவிடின், இயந்திரமும் விஞ்ஞானத்தைத் தமிழில் செம்மையாகப் பேசமாட்டாது. இது தமிழ் மாணவருக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் உரிய பணி.

இனி, நிந்தவூரின் நிலத்தைச் சிறிது நோக்கலாம். ஒலுவில் துறைமுகம் அமைக்கப்பட்டபின் அதற்கு வடக்கேயுள்ள கரை கடலரிப்புக்கு உள்ளாகி, ஒலுவிலும் நிந்தவூரும் நிலமிழந்து வருகின்றன. கரையோரமாக நகரும் மணலை அலைதடுப்புச் சுவர் மறிக்கும்போது ஒருபுறம் மணல் சேர்வதும் மறுபுறம் குறைவதும் இயல்பு. 2024 நவம்பர் 26ஆம் திகதி, பெருமழையின்போது, நிந்தவூரிலிருந்து விடுமுறைக்காக வீடு திரும்பிய மத்ரசா மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தில் அள்ளுண்டது; இளம் மாணவர் பலர் உயிரிழந்தனர். ஊரின் துயரம் விஞ்ஞானப் பாடத்துக்குப் புறம்பானதன்று.

வெள்ளம் பாயும் வீதியருகே, நீர்மட்டத்துக்கு 2 மீற்றர் உயரத்தில் கழியொலி உணரியொன்றைப் பொருத்துவதாகக் கொள்ளலாம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹேர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாது. இவ்வுணரி 40,000 ஹேர்ட்ஸ் மீடிறனுள்ள ஒலியை நீரை நோக்கி அனுப்பித் தெறித்து வரும் எதிரொலிக்காகக் காத்திருக்கும். 30 பாகை செல்சியசு வெப்பநிலையில் வளியில் ஒலியின் கதி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர். எனவே சென்று மீள 4 மீற்றர் கடக்க ஏறத்தாழ 11.5 மில்லிசெக்கன் ஆகும். நீர் உயர இந்நேரம் குறையும். மாணவன் வெப்பநிலையைக் கருதாது 0 பாகைக்குரிய 331 மீற்றரைச் செய்நிரலில் இட்டால், 2 மீற்றர் தூரம் 1.9 மீற்றராகத் தோன்றும். நீர் உண்மையிலும் 10 சென்றிமீற்றர் உயர்ந்துவிட்டதாகக் கருவி பொய் கூறும். பாடநூலில் ஒரு வரியாகக் கிடந்த 'ஒலியின் கதி வெப்பநிலையில் தங்கியுள்ளது' என்னும் வாக்கியம் இங்கே உயிர்பெறுகின்றது. அல்-ஜஸரியின் மிதவை செய்த வேலையையே இவ்வுணரியும் செய்கின்றது.

ஆயினும் கருவி மட்டும் எவரையும் காப்பாற்றிவிடாது என்பதையும் கூறியாகவேண்டும். எச்சரிக்கை ஒலித்தபின் வீதியை மூடுவதும் பயணத்தைத் தவிர்ப்பதும் மனிதரின் முடிவுகள். சிட்டி தீயிலிருந்து பெண்ணை மீட்ட காட்சி உணர்த்துவதும் இதுவே: அளவீடு வேறு, பொறுப்பு வேறு. விஞ்ஞானக் கல்வியிலிருந்து இலக்கியத்தைப் பிரித்துவிடலாகாது என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டியதில்லை.

இக்கருத்துக்கு மறுப்பும் உண்டு. வியப்பின்றி வினா பிறக்குமா? ஜீனோவையும் சிட்டியையும் கண்டு பொறியியல் பயிலச் சென்றோர் இல்லையா? உண்டு, வியப்பே வாயில் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வாயிலிலேயே நின்றுவிடுபவன் வீட்டினுள் உள்ளதை அறியான். பரீட்சைச் சுமையும் வசதிக் குறைவும் தடையென்பதும் உண்மை. எனினும் மிதவை, குழாய், மலிவான நுண்கட்டுப்பாட்டுப் பலகை என்பன விலையுயர்ந்த இயந்திர மனிதனைவிட எளிதிற் பெறத்தக்கவை. அவற்றை மாணவன் கழற்றலாம், பழுதாக்கலாம், மீண்டும் பூட்டலாம்.

இதற்கு முன்மாதிரி தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. நிந்தவூரின் அயலூரான காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞான ஆசிரியராகத் தொழில்புரிந்தவர். பின்னர் தமிழ்ப் பேராசிரியரானவர். சிலப்பதிகாரத்தில் வழங்கிய யாழ் வழக்கொழிந்து, அதன் உருவமே அறியப்படாதிருந்த காலத்தில், அவர் அதனை வியந்து போற்றுவதோடு அமையவில்லை. நரம்பின் நீளத்தையும் சுரத்தின் விகிதத்தையும் கணித்து, பழைய யாழின் அமைப்பை மீட்டெடுக்க முயன்றார். அம்முயற்சியின் பயனே 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்'. காப்பியத்தில் கண்ட கருவியைக் கணிதத்தால் மீண்டும் கட்டமுடியும் என்பதை அக்கரையோரத்தில் பிறந்த ஒருவரே காட்டிச் சென்றுள்ளார். தமிழ்ப் புனைகதை ஆசிரியர் இனி ஆக்கும் இயந்திரம் எவ்வளவு அழகாகப் பேசுகின்றது என்பதைக் காட்டிலும், அதன் மூடியைத் திறக்கும் திருகாணி மாணவனின் கைக்கு எட்டுமிடத்தில் உள்ளதா என்பதே அதனை மதிப்பிடும் அளவுகோலாதல் வேண்டும்.